பிடித்த பணத்தைக் கொடுங்கள்

நான் அரசாங்கத்துக்கு ஒரு பைசா வரி பாக்கி வைத்தவள் இல்லை. வருமான வரி கட்டும் அளவுக்கு என் கைக்கு என்றைக்கும் காசு வந்ததும் இல்லை. இருந்தும், 2023 ஜூலை தொடங்கி அடுத்த ஜூன் முடிய, என் வயிற்றுப்பாட்டுக்கென்று இருந்த வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை வரி என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 11,200 ரூபாய். அதில் 8,400 ரூபாய், இதை எழுதும் இன்றுவரை வந்து சேரவில்லை.

எட்டாயிரத்துச் சொச்சத்துக்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆமாம், எட்டாயிரத்துச் சொச்சத்துக்குத்தான். என் வீட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் அடுப்பெரியும் பணம் அது.

என் வீட்டுக்காரர் சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். காலையில் செக்ரோலில் ஆள் பேர் போடுவதில் தொடங்கி, சாயங்காலம் பறித்து வந்த பழத்தை அளந்து முடிக்கிறவரை எல்லாம் அவர் கணக்கு. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு பி.எஃப். பாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். 2022 மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வீட்டில் சேர்த்து வைத்தது எல்லாம் கூட்டி எட்டு லட்சம் தேறியது. அதை இங்கே ஏற்காட்டிலேயே ஒரு வங்கியில் ஏழு சதவீத வட்டிக்கு என் பேரில் டெபாசிட் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 14,000 வரும். பி.எஃப். வழியாக விதவைப் பென்ஷன் மாதம் 1,000. குறைந்தபட்சம் இவ்வளவு என்று 2014 செப்டம்பரில் வைத்த தொகை அது. அரிசி விலை எங்கேயோ போய்விட்டது, அந்த ஆயிரம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மிச்சத்துக்கு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் ஒரு தையல் மெஷின். ஜாக்கெட், பாவாடை, ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். மூன்றையும் கூட்டினாலும் வருஷத்துக்கு ஒன்றே கால் லட்சம் தேறாது.

என்னிடம் வரி பிடித்த அந்த வருஷம் பழைய முறையில் இரண்டரை லட்சம் வரை, புதிய முறையில் மூன்று லட்சம் வரை வரியே கிடையாது. புதிய முறையில் ஏழு லட்சம் வரை வருமானம் இருப்பவருக்கும் தள்ளுபடி போக வரி ஒன்றுமில்லாமல் ஆகும் என்று சட்டமே சொன்னது. அப்படியானால் என்னிடம் எதற்குப் பிடிக்க வேண்டும்? வங்கி வட்டி வருஷத்துக்கு 40,000-ஐத் தாண்டினால், வட்டி வாங்குகிறவர் ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல் பத்து சதவீதம் பிடி என்பது அப்போதைய சட்டம். வரி வராதவர்கள் தப்பிக்க 15ஜி என்று ஒரு படிவம் இருந்தது. ஏப்ரல் மாதம் அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அக்டோபரில் பாஸ்புக் பதியப் போனேன். செப்டம்பர் 30-ஆம் தேதிக்கு நேராக 14,000 வரவு. அதற்கு அடுத்த வரியிலேயே டி.டி.எஸ். என்று மூன்றெழுத்து, 2,800 பற்று. பத்து சதவீதம் அல்ல, இருபது. கவுன்டரில் இருந்த பையனிடம் கேட்டேன்.

“உங்க பான் கார்டு செயலிழந்து போச்சுங்கம்மா. சிஸ்டம் தானா இருபது பர்சன்ட் பிடிச்சிரும். எங்க கையில ஒண்ணும் இல்லீங்க.”

“15ஜி எழுதிக் கொடுத்தேனே தம்பி?”

“பான் செல்லலைன்னா 15ஜியும் செல்லாதுங்கம்மா. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கோங்க.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் தலையில் விழுந்த அடி. ஆதாரோடு இணைக்காத பான் அட்டைகள் 2023 ஜூலை 1 முதல் செயலிழக்கும் என்று அறிவித்திருந்தார்களாம். என் அட்டை அதில் ஒன்று. எனக்கு ஒரு கடிதம் வந்ததா? இல்லை. வரியைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு குறுஞ்செய்தி வந்ததா? அதுவும் இல்லை. ஆயிரம் ரூபாய் கரண்டு பில் பாக்கி என்றால்கூட ஃபியூஸைப் பிடுங்குவதற்கு முன் சொல்கிறார்கள்.

இணைத்துவிடலாம் என்று போனால் பேர் பொருந்தவில்லை. பான் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், இனிஷியல் மட்டும் போடக்கூடாது, கடைசிப் பேர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று என் அப்பா பேரை முழுதாக எழுதிவிட்டார். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு வந்த இனிஷியல், வீட்டுக்காரர் பேரின் முதல் எழுத்து. அப்பா பேரும் புருஷன் பேரும் ஒன்றாக இருக்க முடியுமா? தமிழ்நாட்டில் என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை! எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிறந்த தேதி யாருக்கும் தெரியாமல் ஜனவரி 1 என்று ஒரு அட்டையில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி இன்னொரு அட்டையில். டெல்லியில் படிவம் தயாரித்தவர்களுக்கு எங்கள் பேர் எப்படி அமையும் என்று தெரியாது. தெரியாத குற்றம் அவர்களுடையது, தண்டனை எங்களுக்கு.

தண்டனை என்று வாய் தவறிச் சொல்லவில்லை. தாமதமாக இணைப்பதற்கு 1,000 ரூபாய் கட்டணம். கட்டினேன். ஏழைக்கும் அதே ஆயிரம், கோடீஸ்வரனுக்கும் அதே ஆயிரம். 2024 பிப்ரவரியில் மக்களவையில் மத்திய அரசே ஒரு கணக்குச் சொன்னது. அந்த ஜனவரி 29 நிலவரப்படி 11.48 கோடி பான் அட்டைகள் இணைக்கப்படாமல் இருந்தன. முந்தைய ஜூலை 1-லிருந்து ஜனவரி 31 வரை, ஏழே மாதத்தில், இந்தத் தாமதக் கட்டணமாக மட்டும் வசூலான தொகை 601.97 கோடி ரூபாய். அந்த அறுநூறு கோடியில் என் ஆயிரமும் இருக்கிறது. அதில் எத்தனை ஆயிரம் கூலிக்காரர்களுடையது, எத்தனை ஆயிரம் என்னைப் போன்ற விதவைகளுடையது என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

கட்டணம் கட்டினாலும் பானுக்கு உடனே உயிர் வராது, முப்பது நாள் ஆகலாம். அதற்கு முன்னால் பேரைத் திருத்த வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், ஏற வேண்டும். போனால் அன்றைய தையல் போச்சு. ஒரு நாள் சர்வர் இல்லை என்பார்கள், ஒரு நாள் கைரேகை விழவில்லை என்பார்கள். துணி தைத்துத் தைத்து ஊசி குத்திய விரலில் ரேகை எங்கே இருக்கும்? எல்லாம் முடிந்து பான் இணைந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் ஒன்பது மாத வட்டிக்கு 8,400, அடுத்த ஏப்ரல், மே, ஜூனுக்கு 2,800 போய்விட்டது. ரிட்டர்ன் போடும் கெடுவான ஜூலை 31-ம் போய்விட்டது.

இங்கே சட்டம் செய்திருக்கும் அநியாயத்தைக் கவனியுங்கள். பான் செயலிழந்திருக்கும் காலத்தில் வரியை இரு மடங்கு பிடிக்கலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. வாங்குவதற்குச் செல்லுபடியாகும் அட்டை, கொடுப்பதற்குச் செல்லாதாம். சாதாரணமாகவே நாம் கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி போடுவார்கள். அவர்கள் திருப்பிக் கொடுக்கத் தாமதித்தால் மாதத்துக்கு அரை சதவீதம். தாமதமாக ரிட்டர்ன் போட்டவளுக்கு அந்த அரையும் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான். கந்துவட்டிக்காரன்கூடக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே கணக்கு நோட்டைத்தான் வைத்திருப்பான்.

தாமத ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. டிசம்பர் முதல் வாரம் சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் ஃபெஞ்சல் புயல். ஏற்காட்டில் கொட்டிய மழையை இந்த மலையில் யாரும் மறக்க மாட்டார்கள். மண் சரிந்து சேலம் பாதை அடைத்துப் போயிற்று. மரம் விழுந்து கரண்டு இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. காப்பிப் பழம் பழுத்து நிற்கிற நேரத்தில் செடிக்கடியில் உதிர்ந்து கிடந்தது. பறிப்புக் கூலியை நம்பியிருந்த வீடுகளில் அந்த மாதம் என்ன நடந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும். பாதை சரியாகி, மாதக் கடைசியில் ரிட்டர்ன் போட்டேன். போட்டதற்குக் கூலி 700.

பிப்ரவரியில் பதில் வந்தது. எனக்கு வரி இல்லை, 8,400 ரூபாய் எனக்குத் திரும்ப வர வேண்டும் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு எழுதியிருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு இன்னொரு செய்தி வந்தது. ரீஃபண்ட் தோல்வி. வங்கிக் கணக்கில் இருக்கும் பேரும் பானில் இருக்கும் பேரும் பொருந்தவில்லையாம்!

இதே கணக்கிலிருந்து, இதே பேரிலிருந்து, இதே பான் எண்ணுக்குப் பணத்தைப் பிடித்தபோது பேர் பொருந்தியதா? அப்போது எந்தக் கணினியும் தயங்கவில்லையே! எடுக்கும்போது நான் யார் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும்போது மட்டும் நான் யாரோ ஆகிவிட்டேன்.

வங்கியில் பேரைத் திருத்தினேன். மறுபடி அனுப்பச் சொல்லி மனு போட்டேன். நடவடிக்கையில் உள்ளது என்று வந்தது. மாதங்கள் போயின. புகார் கொடுத்தேன். சில நாளில், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில். என்ன தீர்த்தார்கள்? பணம் வரவில்லை, புகாரை மட்டும் முடித்துவிட்டார்கள். யாரிடம் பேசுவது? பேசுவதற்கு ஒரு மனுஷ முகம்கூட இல்லை. அடுத்த வருஷத்து 2,800 மட்டும் ரிட்டர்ன் போட்ட சில வாரத்தில் அதே கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஆக, கணக்கில் குறை இல்லை, பேரில் குறை இல்லை. பழைய 8,400 எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

முன்பு ஒரு மனுஷ முகம் இருந்ததாம். வருமான வரிக் குறைகளைக் கேட்க 2003-இல் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதை ஒழித்துவிட்டது. மக்கள் ஆன்லைனில் புகார் கொடுக்கிறார்கள், தனி ஆள் தேவையில்லை என்று காரணம். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரதமர் வரி செலுத்துவோர் சாசனம் என்று ஒன்றை வெளியிட்டார். மரியாதையாக நடத்துவோம், நேர்மையானவர் என்று நம்புவோம், காலத்தோடு முடிவெடுப்போம் என்று அதில் உறுதிமொழிகள் இருக்கின்றன. நம்புவோம் என்று எழுதியவர்கள்தான் என் 15ஜியைக் குப்பையில் போட்டார்கள். இருந்த ஆளை எடுத்துவிட்டுத் தாளைக் கொடுத்தால், எங்களைப் போன்றவர்கள் அந்தத் தாளை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

பெரிய கம்பெனிகள் நீதிமன்றம் போகும். 2014-இல் டாடா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. உரிமையில்லாமல் வாங்கி வைத்திருந்த வரியைத் திருப்பிக் கொடுக்கும்போது வட்டியும் சேர்த்துக் கொடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. அரசியல் சாசனத்தின் 265-ஆவது பிரிவும், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. அந்த நீதி எட்டாயிரம் ரூபாய்க்காரிக்கு எட்டுமா? வக்கீல் ஃபீஸே அதற்கு மேல் ஆகுமே.

இதைவிடக் கொடுமையாக ஒன்று நடக்க இருந்தது. 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த புதிய வருமான வரி மசோதாவில், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடாதவர்களுக்கு ரீஃபண்டே கிடையாது என்கிற மாதிரி ஒரு விதி இருந்தது. அது அப்படியே சட்டமாகியிருந்தால், இனிமேல் என் நிலையில் மாட்டுகிறவளின் பணம் நிரந்தரமாகப் போயிருக்கும். வரி இல்லை என்று தெரிந்தும் பிடித்ததை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே, அவருக்கு எப்படி மனசு வந்தது? பைஜயந்த் பாண்டா தலைமையிலான நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஜூலையில் அதை நீக்கச் சொன்னது, நீக்கினார்கள். அந்தக் குழுவுக்கு இந்த மலையிலிருந்து ஒரு கும்பிடு. ஆனால் அப்படி ஒரு விதி முதலில் எழுதப்பட்டது என்பதை நான் மறக்க மாட்டேன்.

என் பக்கத்து வீட்டு அக்கா கதை வேறு மாதிரி. கொஞ்சம் நிலம் விற்ற பணத்தை டெபாசிட்டில் போட்டிருக்கிறார். 15ஜி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள். ரிட்டர்ன் போட்டு வாங்குங்க அக்கா என்றால், “வேண்டாம் கண்ணு, வரி ஆபீசுல பேரு ஏறிட்டா மகளிர் உரிமைத் தொகை நின்னுருமாம்” என்கிறார். 2023 செப்டம்பர் 15-இல் மாநில அரசு காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது. அந்த ஆயிரம் இந்த மலையில் என்ன செய்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். காஸ் சிலிண்டர், குழந்தைக்கு மருந்து, யாரிடமும் கை நீட்டாமல் ஒரு பெண் செலவழிக்கும் காசு. இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டி வரி கட்டுகிறவர்களைத்தான் விதி விலக்குகிறது. வரியே வராமல், பிடித்ததைத் திரும்பக் கேட்கிறவர்களை அல்ல. ஆனால் இதை யார் அந்த அக்காவுக்கு வந்து சொன்னார்கள்? ரிட்டர்ன் போட்டாயா என்று கேட்டாலே பயந்து நடுங்குகிறார்கள். ஒரு அரசாங்கம் கொடுக்கும் ஆயிரத்தைக் காப்பாற்றிக்கொள்ள, இன்னொரு அரசாங்கம் பிடித்த ஆயிரங்களை விட்டுவிட்டு வாய் மூடி இருக்கிறார்கள் எங்கள் பெண்கள்.

அந்த ஆயிரத்தின் மேலும் கை வைத்தார்கள் என்பதை நாடு பார்த்தது. முதல் மாதத் தொகை வந்த கையோடு, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அப்போதைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. ஏழையின் கணக்கில் பணம் விழுந்தால் யார் முதலில் எடுப்பது என்று ஒரு வரிசையே நிற்கிறது. அந்த வரிசையில் ஏமாற்றுக்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று செய்தி வரும். மாதக்கணக்காகக் காத்துக் கிடப்பவள் அழுத்தத்தானே செய்வாள்? ஒழுங்காக, தானாக, நேரத்துக்குப் பணம் வந்துவிட்டால் அந்தத் திருடனுக்கு வேலை இருக்காது.

தானாக எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய நாடான பிரிட்டனில் 2016 ஏப்ரல் 6 முதல் சேமிப்பு வட்டியில் வங்கிகள் வரி பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். வரி வர வேண்டியவரிடம் அரசாங்கம் தனியாக வாங்கிக்கொள்கிறது. இங்கேயோ என் வட்டி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்பது ஆண்டுத் தகவல் அறிக்கையில் பைசா சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் விவரம் முழுதும் அவர்கள் திரையில் இருக்கும்போது, வருஷ முடிவில் வரம்புக்குக் கீழே இருப்பவர்களின் பணத்தைக் கேட்காமலே அனுப்ப என்ன தடை? 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று மேசையைத் தட்டினார்கள். அதே பட்ஜெட்டில் வட்டிப் பிடித்தத்தின் வரம்பை 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 40,000-லிருந்து 50,000 ஆக்கினார்கள், அவ்வளவுதான். என் வட்டி 56,000. மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கு வரி இல்லாத நாட்டில், மாதம் ஐயாயிரம்கூட வட்டி வராத நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் ஏழை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறந்தால் பணம் போகும்.

நான் சலுகை கேட்கவில்லை. பிடிப்பதற்கு முன்னால் எங்கள் மொழியில் ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். பான் செயலிழந்த காலத்துக்கும் ரீஃபண்டும் வட்டியும் கொடுங்கள். எங்களிடம் வாங்கும் அதே ஒரு சதவீதத்தை எங்களுக்கும் கொடுங்கள். ஒழித்த குறைதீர்ப்பாளரைத் திரும்ப உட்கார வையுங்கள், மாதத்துக்கு ஒரு நாளாவது ஏற்காடு தாலுகா ஆபீசுக்கு ஒரு அதிகாரியை அனுப்புங்கள். மாநில அரசு, ரீஃபண்டுக்காக ரிட்டர்ன் போடுவதால் உரிமைத் தொகை நிற்காது என்று ரேஷன் கடைச் சுவரில் எழுதி ஒட்டட்டும்.

இதைப் படிக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பாஸ்புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டி.டி.எஸ். என்று ஒரு பற்று இருந்து, உங்கள் வருமானம் வரம்புக்குக் கீழே என்றால், கெடுவுக்குள் ரிட்டர்ன் போடுங்கள். தவறினால் டிசம்பர் 31-க்குள் போடுங்கள். அதுவும் தவறிப்போனால், தாமதத்தை மன்னித்து ஏற்கும்படி மனு கொடுக்கலாம். ஐந்து வருஷம் வரை அதற்கு வழி உண்டு என்று 2024 அக்டோபர் 1-ஆம் தேதிச் சுற்றறிக்கை சொல்கிறது. போனில் வரும் எந்த லிங்க்கையும் தொடாதீர்கள், தொட்டுப் பணம் போனால் உடனே 1930-க்குப் பேசுங்கள். அலைச்சலுக்குப் பயந்து பணத்தை விட்டுவிடாதீர்கள். நானும் விடப் போவதில்லை.